எலுமிச்சம்பழம் தைத்த மெசின்

மச்சான்,

இன்று காலை மெசினின் அடித்தட்டைத் துடைத்துக்கொண்டிருந்தேன். எண்ணெய்க் கறைக்கும் நூல் பஞ்சுக்கும் நடுவில் ஓர் எலுமிச்சை விதை கிடந்தது. கறுத்துக் காய்ந்து மிளகு மாதிரி ஆகியிருந்தது. படகுக்குக் கூரை தைக்கிற மெசினுக்குள் எலுமிச்சை விதைக்கு என்ன வேலை என்று வேறு யாராவது கேட்டால், விளக்கிச் சொல்ல எனக்கு அரை நாள் வேண்டும். உனக்கு வேண்டாம். அதை உள்ளே தள்ளிய புண்ணியவானே நீதான். முதலில் சிரிப்புத்தான் வந்தது. கடையில் ஆள் இல்லாததால் கொஞ்சம் அழுதும் கொண்டேன். நீ இருந்திருந்தால், "கடையில உக்காந்து அழுவாதடா, வர்ற கஸ்டமரும் ஓடிருவான்" என்றிருப்பாய்.

ஈப்போ பக்கம் புந்தோங்கில் மோட்டார் சைக்கிள் சீட்டும் லாரிப் படுதாவும் தைத்து நாம் காலம் தள்ளிக்கொண்டிருந்தபோதுதான் கடற்கரை ஊரான லுமுட்டிலிருந்து அந்தப் படகுக்காரர் வந்தார். சுற்றுப்பயணிகளை ஏற்றும் படகுகள் வைத்திருந்த மலாய்க்காரர். கெட்டி கேன்வஸில் ஒரு படகுக்கு மேற்கூரை தைத்துக் காட்டுங்கள், பிடித்தால் மற்றப் படகுகளும் உங்களுக்குத்தான், ஆனால் பள்ளி விடுமுறைக்கு முன்னால் வேண்டும் என்றார். "போலே, போலே", முடியும் முடியும் என்று மலாயில் சொல்லி நீ தலையாட்டிய வேகத்தில் நான் நம் மெசினைத் திரும்பிப் பார்த்தேன். நம்மிடம் இருந்த மெசின் லாரிப் படுதாவை நாலாக மடித்தாலே ஊசியை ஒடித்துக்கொண்டு நிற்கும். ஒவ்வொரு முறையும் அதைத் திட்டுவாய், பிறகு அதனிடமே மன்னிப்பும் கேட்பாய்.

அவர் போன பிறகுதான் நீ உண்மையைச் சொன்னாய். நான் தங்கச்சி என்று கூப்பிடும் உன் மனைவி உனக்குக் கெடு வைத்திருந்தாள். இந்தப் படகு வேலை கையை விட்டுப் போனால் கடையை மறந்துவிட்டு, சிங்கப்பூரில் இருக்கும் அவளுடைய சொந்த அண்ணனிடம் லாரி ஓட்டப் போய்விட வேண்டும். சட்டைப்பையிலிருந்து புதிய பாஸ்போர்ட்டை எடுத்துக் காட்டினாய். படத்தில் உன் முகம் திருடன் மாதிரி இருந்தது. நான் சிரிக்கவில்லை. நீ போய்விட்டால் இந்தக் கடையில் யாரோடு சண்டை போடுவது என்ற பயம்தான் எனக்கு.

ஈப்போவில் கெட்டித் துணி தைக்கிற வேறு மெசின் வாங்கப் போன நாளை அந்தக் கடையின் சீன முதலாளி, நம் தவுக்கே, இன்னும் மறக்கவில்லை. தோளில் பழைய லாரிப் படுதா, கையில் படகுக்காரர் தந்த கேன்வஸ் துண்டுகள். மெசின் வாங்கப் போகிறவன் மாதிரியா போனாய்? வீடு மாறிப் போகிறவன் மாதிரி போனாய். தவுக்கே ஒரு பளபளப்பான மெசினைக் காட்டி, நிமிடத்துக்கு எத்தனை ஆயிரம் தையல் என்று பெருமையடித்தார். அவருக்குப் புந்தோங் தமிழர்களோடு பழகிப் பழகித் தமிழ் நன்றாக வரும்.

"வேகமா தப்பு பண்றதுக்கு எங்களுக்கு மெசின் வேணாம் தவுக்கே. நாங்க கையாலயே பண்ணிருவோம்" என்றாய்.

மோட்டாரைத் தொடவே விடவில்லை. நம் கேன்வஸை மடித்து, மடிப்பின்மேல் மடிப்பு வைத்து, சக்கரத்தைக் கையால் சுற்றினாய். ஊசி முனகாமல் இறங்குகிறதா, மேலடுக்கும் கீழடுக்கும் சேர்ந்தே நகர்கிறதா, அல்லது ஒன்று முன்னே ஓடி மற்றது சுருங்குகிறதா என்று மூக்கு உரசுகிற அளவுக்குக் குனிந்து பார்த்தாய். அடுத்து, படுதாவைச் சுருட்டி மெசினின் கைக்கு அடியில் திணித்தாய். சுருட்டு நுழையாத மெசின்களையெல்லாம் தள்ளிவிட்டாய். "படகுக் கூரை என்ன கைக்குட்டையாடா? பாதித் துணி அந்தப் பக்கம் போவணுமே." தவுக்கே தலையில் கை வைத்துக்கொண்டார். "நீ சுத்தற சுத்துல என் மெசினுக்கு மயக்கம் வருது லா!"

கடைசியில், மூலையில் தூசி படிந்து கிடந்த ஒன்று உன் கண்ணில் பட்டது. செகண்ட் ஹேண்ட். அழகும் இல்லை, வேகமும் இல்லை. ஆனால் துணியை அழுத்திப் பிடிக்கும் அதன் மேல் கால், துணியை நகர்த்தும் கீழ்ப் பற்களோடு சேர்ந்து நடந்து, கெட்டித் துணியை இழுக்காமல் கூட்டிக்கொண்டு போனது. தவுக்கேயே "இதுதான் உங்க வேலைக்குச் சரி, ஆனா யாரும் கேக்கறதில்ல" என்று ஒப்புக்கொண்டார். அதையே வாங்கி ஏற்றிக்கொண்டு, கல்யாணத்துக்குப் பெண் பார்த்தவன் மாதிரி வழியெல்லாம் அதைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே வந்தாய்.

இவ்வளவு புத்திசாலித்தனமும் வெள்ளிக்கிழமை வரைக்கும்தான். பூசை போடாமல் மெசினில் கை வைக்கக் கூடாது என்றாய். சரி, போடு என்றேன். விபூதிப் பட்டை, குங்குமம், மாலை எல்லாம் ஆனது. அப்புறம் ஒரு எலுமிச்சம்பழத்தை எடுத்தாய். செமோர் பக்கம் நாம் வளர்ந்த எஸ்டேட்டுக்குப் புது டிராக்டர் வந்தபோது சக்கரத்துக்கு அடியில் பழம் வைத்து நசுக்கினார்களே, அந்த நியாயம்.

"டேய், இதுக்கு ஏதுடா ரோட்டுல ஓடுற சக்கரம்?"

"கால் இருக்குல்ல? நடக்குதுல்ல? அப்ப இதுவும் வண்டிதான்."

நான் தடுப்பதற்குள் பழத்தை ஊசிக்கு அடியில் வைத்துச் சக்கரத்தைச் சுற்றிவிட்டாய். ஒரு குறையும் சொல்ல முடியாது மச்சான், மெசின் எலுமிச்சம்பழத்தை அருமையாகத் தைத்தது. சாறும் விதையும் கீழ்நூல் இருக்கும் பாபின் கூட்டுக்குள் இறங்கின. "அலமாக்!" என்று பதறி, மெசின் எண்ணெய் இன்னும் வாங்காததால், விளக்குக்கு வைத்திருந்த நல்லெண்ணெயை எடுத்து மொத்தமாக ஊற்றினாய். "எண்ணெய் எண்ணெய்தானே லா."

சாறு, விபூதி, குங்குமம், நல்லெண்ணெய் எல்லாம் கலந்து உள்ளே என்ன செய்ததோ, திங்கட்கிழமை சக்கரம் அசையவில்லை. வெட்டி வைத்த கேன்வஸ் தரை முழுக்கக் கிடந்தது. நீ பாஸ்போர்ட் இருந்த பையைத் தடவிக்கொண்டே உட்கார்ந்திருந்தாய். அன்று உன்னைத் திட்டக்கூட எனக்கு மனம் வரவில்லை.

தவுக்கேதான் வந்தார். திறந்தார். முகர்ந்தார். நம் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "இது மெசினா, ஊறுகாய்ப் பானையா?" பிறகு தரையிலேயே உட்கார்ந்து கண்ணில் நீர் வர ஒரே சிரிப்பு. சிரித்து முடித்து, ஒவ்வொரு உறுப்பாகக் கழற்றி மண்ணெண்ணெயில் கழுவி மாட்டிக் கொடுத்தார். போகும்போது உன்னைக் கூப்பிட்டு, "அடுத்த தடவை பூசைக்கு என்னைக் கூப்பிடு. பழத்தை நான் பிடிச்சுக்கறேன்" என்றார்.

அந்த வாரம் நாம் தூங்கினோமா என்று எனக்கு நினைவில்லை. மழை தையலில் தேங்காமல் மேலேயே வழுக்கிப் போகும்படி மடிப்பை ஒன்றின்மேல் ஒன்றாகக் கவ்வவிட்டுத் தைத்தாய். உனக்குத் திருப்தி வரும்வரை பிரித்துப் பிரித்து மறுபடி தைத்தாய். லுமுட்டில் கூரையைக் கட்டி முடித்ததும் படகுக்காரர் பங்கோர் தீவுப் பக்கம் ஒரு சுற்றுப் போகலாம் என்று நம்மை ஏற்றிக்கொண்டார். பாதி வழியில் மழை கொட்டியது. எல்லாரும் கடலைப் பார்த்தார்கள். நீ மட்டும் கழுத்தை ஒடித்துக்கொண்டு கூரையையே பார்த்தாய், எந்தத் தையல் சொட்டப் போகிறது என்று. ஒன்றும் சொட்டவில்லை. படகுக்காரர் மேலே ஒரு தட்டுத் தட்டி, மற்றப் படகுகளை எப்போது அளக்க வருகிறீர்கள் என்று கேட்டார். மழைச் சத்தத்துக்கு மேல் நீ என் காதில் கத்தினாய்: "நான் எங்கயும் போகலடா!"

போன வருடம் போய்விட்டாய். நெஞ்சு வலி என்று சொல்லக்கூட நேரம் கொடுக்காமல்.

உன் வீட்டு முன்னால் கூடாரம் போட்டிருந்தார்கள். அன்றும் மழை. நான் அண்ணாந்து பார்த்தபடியே உட்கார்ந்திருந்தேன். "பாவம், கடவுளைக் கேக்குறாரு" என்று யாரோ சொன்னது காதில் விழுந்தது. நான் தையலைப் பார்த்துக்கொண்டிருந்தேன் மச்சான். உன்னால் வந்த வியாதி. கோயில், பேருந்து நிறுத்தம், கல்யாண வீடு என்று எங்கே போனாலும் இன்றுவரை விடவில்லை. கூடாரத்தின் ஒரு மூலையில் தையல் விட்டு, தண்ணீர் உன் சவப்பெட்டிக்குப் பக்கத்தில் சொட்டிக்கொண்டிருந்தது. "எந்த மடையன்டா இதைத் தைச்சான்?" என்று சொல்ல உன் பக்கம் திரும்பினேன்.