கண்டக்டருக்கு நன்மை கொண்டுபோன ஞாயிறு

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது. எழுத்து ஒன்று மேலேயும் ஒன்று கீழேயும் போயிருக்கும், கோபித்துக்கொள்ளாமல் கூட்டிப் படித்துக்கொள். யாரையும் எழுதித் தரச் சொல்லாமல் நானே எழுதுகிறேன், அதுவே எனக்குப் பெரிய கொண்டாட்டம். நானும் அம்மாவும் சுகம், நீயும் மாப்பிள்ளையும் பிள்ளைகளும் சுகமாயிருக்க ஆண்டவரை வேண்டுகிறேன்.

நான் படிக்கக் கற்றுக்கொண்டது தெரிந்ததும் ஃபாதர் கூப்பிட்டு, நான் ஒருத்தன், படுக்கையில் கிடப்பவர்கள் இருபது பேர், ஞாயிறு பூசை முடிந்ததும் நீங்களும் நன்மை அப்பம் கொண்டுபோய்க் கொடுங்கள் என்றார். சாமியார் அல்லாதவன் அதைத் தொடலாமா என்று கேட்டேன். ஆயர் அனுமதி இருக்கிறது என்று சொல்லி செபமும் கொடுக்கும் முறையும் போட்ட ஒரு சின்னப் புத்தகத்தைக் கொடுத்தார். பெயிண்ட் அடித்த கை, முதலில் நகத்தை வெட்டுங்க என்றாள் உன் அம்மா.

போன ஞாயிறுதான் முதல் தடவை. சட்டைப் பையில் அப்பம் வைத்த சிமிழ், அதனால் வழியில் யாரிடமும் பேசவில்லை. என்ன மாமா, பெரிய ஆளாயிட்டீங்களா என்று சைக்கிள் கடைக்காரர் கத்தினார், தலையை மட்டும் ஆட்டினேன். நம் பழைய பஸ் கண்டக்டர் பக்கவாதம் வந்து கிடக்கிறாரே, அவர் வீட்டுக்குப் போனேன். செபத்தைத் தட்டுத் தடுமாறாமல் வாசித்தேன். அந்தச் சந்தோஷத்தில் முழு அப்பத்தையும் அவர் நாக்கில் வைத்துவிட்டேன். விழுங்க முடியவில்லை அம்மாடி. புரையேறி முகம் கறுத்துக் கண் செருகிவிட்டது. கொன்றுவிட்டேன் என்றே நினைத்தேன். அவர் மருமகள் ஓடிவந்து முதுகில் தட்டியதும் அப்பம் என் உள்ளங்கையில் வந்து விழுந்தது, அவருக்கு மூச்சும் வந்தது. ஆண்டவரின் உடல், கீழே வைக்கவும் முடியாது, கையை மூடிக்கொண்டு அப்படியே கோயிலுக்கு நடந்தேன். ஃபாதர் அதைத் தண்ணீரில் கரையவிட்டு, புத்தகத்தின் கடைசிப் பக்கம் படித்தீர்களா என்றார். விழுங்க முடியாதவர்களுக்குச் சிறு துண்டாகப் பிட்டு, ஒரு வாய்த் தண்ணீருடன் கொடுக்கவும் என்று இருக்கிறது. பொடி எழுத்து, கஷ்டமாக இருந்ததால் தாண்டிவிட்டேன் என்று உண்மையைச் சொல்லி, வேறு ஆளைப் பாருங்கள் என்று புத்தகத்தை நீட்டினேன். அவர் வாங்கவில்லை. கண்டக்டரிடமே கேளுங்கள், அவர் வேண்டாமென்றால் விட்டுவிடலாம் என்றார்.

நேற்றுப் போனேன். வாசலிலேயே நின்று, இனியும் நான் வரலாமா என்று கேட்டேன். அவரோ, யோவ், நாப்பது வருசம் டிக்கெட் கிழிச்சவன் நான், உனக்கு ஒரு அப்பத்தைப் பிட்டுத் தரத் தெரியலையே என்று குழறிக்கொண்டே சிரித்தார். பிறகு என் விரலைப் பிடித்துக்கொண்டு, ஞாயிறு வா, உன்னைத்தான் எதிர்பார்ப்பேன் என்றார். சரி என்று வந்துவிட்டேன், அதிலிருந்து சாப்பாடு இறங்கவில்லை. மறுபடி புரையேறினால் என்ன செய்வேன்? நீ நர்ஸ், தலையை எவ்வளவு தூக்க வேண்டும், துண்டு எவ்வளவு சிறிதாக இருக்க வேண்டும் என்று எழுது, இந்த ஞாயிறுக்கு எட்டாவிட்டாலும் அடுத்ததற்கு உதவும். அம்மாவிடம் போனில் சொல்லிவிடாதே, அவள் என்னைவிடப் பயப்படுவாள்.

ஆண்டவர் உங்கள் எல்லோரையும் கண்ணுக்குள் வைத்துக் காக்கட்டும். இது உன் கைக்கு வரும்போது ஞாயிறு போயிருக்கும், இருந்தாலும் எனக்காகவும் கண்டக்டருக்காகவும் மறக்காமல் ஒரு செபம் சொல். பயந்துகொண்டேதான் போவேன், ஆனால் போவேன். அவர் விழுங்கினாரா என்று அடுத்த வாரம் எழுதுகிறேன்.

உன் அப்பா