டைப்ரைட்டரைத் தமிழுக்கு மாற்றுவதா?

12-7-1971, திங்கள்

அம்மா வீட்டிலிருந்தே ஒரு வக்கீலுக்கு டைப் அடித்துக் கொடுக்கிறாள். இனிமேல் எல்லாம் தமிழில்தான் வேண்டும் என்று அவர் சொல்லிவிட்டார். எங்கள் பழைய டைப்ரைட்டரில் ஆங்கிலம் மட்டும்தான். புதிது வாங்குவதா, இதையே மாற்றுவதா என்று கேட்க, சைதாப்பேட்டை மெக்கானிக்கை அம்மா வரவழைத்தாள்.

"புதுசு இன்னாத்துக்கும்மா? எழுத்தை மட்டும் மாத்திக்கலாம். மிஷின் கல்லாட்டம் கீது."

"இந்தக் கொஞ்ச சாவிக்குள்ள இருநூத்து நாப்பத்தேழு எழுத்தும் எப்படி மாமா அடங்கும்?" என்று கேட்டேன்.

"புள்ளி தனி, கொம்பு தனி, கால் தனி. நீதான் கோத்துக்கணும் பாப்பா" என்று சிரித்தார்.

அம்மா சிரிக்கவில்லை. மாற்றிவிட்டால் இந்த மிஷினில் ஆங்கிலம் போய்விடும். விரல்கள் முதலிலிருந்து பழக வேண்டும். "எனக்கு இனிமே வருமா?" என்றாள்.

மெக்கானிக் காட்டிய சாவிப் படத்தைப் பார்த்து, அதே அளவில் அட்டையில் வரைந்துகொண்டேன். சாயங்காலம் நான் வார்த்தை சொல்ல, அம்மா அட்டையில் தட்டினாள். சத்தமே இல்லாத டைப்பிங்! அவள் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தேன். ‘மயிலாப்பூர்’ ஆறாவது தடவை தவறில்லாமல் வந்தது.

"நாளைக்கே மெக்கானிக்கை வரச் சொல்லிடலாம்" என்றாள் அம்மா. "இப்போ இன்னும் கஷ்டமா ஒண்ணு சொல்லுடி."