நீலப் பாவில் பச்சை ஊடை

அன்பு மகள் தீபிகாவுக்கு அப்பா கைலாசம் ஆசீர்வாதத்துடன் எழுதுவது. ஏகாம்பரநாதர் புண்ணியத்தில் நானும் அம்மாவும் உன் தம்பி லோகேஷும் இங்கே சௌக்கியம், அங்கே மெல்போர்னில் உன் முழங்காலும் அதற்கு மேலே இருக்கிற நீயும் சௌக்கியமா என்று தெரிய வேண்டும். போனில் பேசினால் நடுவில் புகுந்து என்னை மடக்கிவிடுவாய், அதனால்தான் கடிதம். வாலாஜாபாத் சாந்திநாதன் மகள் சம்யுக்தா நாளை உன் ஊருக்கு விமானம் ஏறுகிறாள், அவள் கையில் இதையும் ஒரு பொட்டலத்தையும் கொடுத்தனுப்புகிறேன்.

நீ கோச் ஆகப்போகிறாய் என்று கேட்டதிலிருந்து எனக்குக் கால் தரையில் பாவவில்லை. படிக்கப் போன இடத்தில் தோழி இழுத்தாள் என்று அந்த ஊர்க் கால்பந்தாட்டத்தில் முட்டைப் பந்தை உதைக்க ஆரம்பித்தவள், எட்டு வருஷம் நீல கிளப்புக்கு ஆடி, முழங்கால் ஜவ்வு கிழிந்து, போன வருஷம் ஓய்வு பெற்றவள், இப்போது பச்சை கிளப் பெண்களுக்குத் தலைமைக் கோச்! நீ 'ஆனா' என்று இழுப்பதற்குள் போனை லோகேஷிடம் போட்டுவிட்டுத் தெருவில் இறங்கிவிட்டேன். டீக்கடையில் சிட்டிபாபு பிடித்துக்கொண்டு அது என்ன ஆட்டம் என்று கேட்டார். நாலு கம்பம் நட்டிருப்பார்கள், நடுவில் போனால் ஆறு, குறி தப்பி ஓரமாகப் போனாலும் ஒன்று உண்டு என்றேன். தப்பா அட்ச்சாலும் மார்க்கா, எம் பையன் பரீட்சைய அங்க எழுத சொல்றேன்பா என்று சிரிக்கிறார். கோயிலில் அர்ச்சனைக்குப் போனால் உன் பெயர், சுவாதி நட்சத்திரம், அதுவரை சரி. பச்சை டீம் பெண்களுக்கும் சேர்த்துப் பண்ணுங்கள் என்றதும் குருக்கள் அவர்கள் நட்சத்திரத்தைக் கேட்டார். நான் திருதிருவென்று முழித்தேன். சரி, சாமி பேருக்கே பண்ணிடறேன் என்று அவரே முடித்துவிட்டார்.

வீட்டுக்கு வந்த பிறகுதான் லோகேஷ் உன் ஆனாவைச் சொன்னான். எட்டு வருஷம் நீலத்துல ஆடிட்டு அவங்க பரம எதிரிக்கு எப்படிடா கோச் பண்றது, துரோகின்னுவாங்க, வெள்ளிக்கிழமை முடியாதுன்னு சொல்லிடப்போறேன் என்றாயாமே. அடி பைத்தியமே, உன் அப்பன் எத்தனை முதலாளிக்குத் தறி ஓட்டியிருக்கிறான்? பழைய முதலாளி வீட்டுக் கல்யாணத்தில் இன்றைக்கும் என்னை முதல் பந்தியில் உட்காரவைத்துத்தான் பாயசம் ஊற்றுகிறார்கள்.

பொட்டலத்தில் இருப்பது கழுத்தில் போட்டுக்கொள்கிற பட்டுத் துண்டு. நீல கிளப்காரர்கள் உனக்குப் பாராட்டு விழா வைக்கிறார்கள் என்றாயே, அதற்கென்று தறியில் நெடுக ஓடுகிற பாவை நீலத்தில் ஏற்றி வைத்திருந்தேன். நெய்ய உட்காருவதற்குள் பச்சைச் சேதி வந்துவிட்டது. தறியில் ஏறிய பாவை அறுக்க நம் வீட்டில் யாருக்குக் கை வரும், அதனால் குறுக்கே ஓடுகிற ஊடைக்குப் பச்சைப் பட்டைக் கொடுத்துவிட்டேன். அருமையான மயில் கழுத்து வந்திருக்கிறது, நேராகப் பிடித்தால் பச்சை, கொஞ்சம் சாய்த்தால் நீலம். நான் ஜோர் ஜோர் என்று பார்த்துக்கொண்டிருக்கிறேன், லோகேஷ் தலையில் அடித்துக்கொள்கிறான். இத்த போட்டுக்கினு மேட்ச்சுக்குப் போனா ரெண்டு டீமும் சேந்து அக்காவ ஒதைக்கும்பா என்கிறான். பக்கத்து வீட்டு கமலவேணி அது பச்சைதான் என்கிறாள், அவள் புருஷன் நீலம் என்கிறான், காலையிலிருந்து இருவருக்கும் பேச்சுவார்த்தை இல்லை.

ஒன்று மட்டும் சிரிக்காமல் சொல்ல வேண்டும். நீ ஆடிய ஒரு ஆட்டத்தையும் உன் அம்மா பார்த்ததில்லை. லோகேஷ் டிவியில் போடுவான், அவள் அடுக்களையில் நின்றபடி, விழுந்தாளா, எழுந்துட்டாளா என்று மட்டும் கேட்டுக்கொண்டிருப்பாள். நீ எழுந்திருக்காத அன்றைக்கு நாங்கள் பதில் சொல்லவில்லை, அவள் வெளியே வந்து எங்கள் முகத்தைப் பார்த்துத் தெரிந்துகொண்டாள். நேற்று மெதுவாக என்னிடம் வந்து, கோச்சுன்னா வெளியதான இருப்பா, யாரும் வந்து இடிக்க மாட்டாங்க இல்ல என்று கேட்டாள். மாட்டார்கள் என்றேன்.

காமாட்சி அம்மன் உன்னை எந்தக் குறையும் இல்லாமல் வைத்திருக்கட்டும். முழங்காலுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடு, துண்டைத் தண்ணீரில் அலசாதே. வெள்ளிக்கிழமை நீ எதைச் சொன்னாலும் எங்களுக்குச் சம்மதம். ஆனால் இன்று காலை உன் அம்மா டிவிக்கு எதிரே ஒரு நாற்காலியைக் கொண்டுவந்து போட்டிருக்கிறாள், அதில் வேறு யாரையும் உட்காரவிடுவதில்லை.

உன் அன்பு அப்பா,
கைலாசம்,
காஞ்சிபுரம்.