மாடிப்படிக் கேள்விக்கு என் பதில்

என்னங்க,

எழுந்ததும் என்னைக் காணோமே என்று பதறாதீர்கள். இதய மருத்துவமனையில் இந்த மாதப் படிவத்தைக் கொடுக்கப் போயிருக்கிறேன், தனியாக. சாப்பாடு அடுப்பின் மேல் இருக்கிறது. என் அளவுக்குத்தான் உப்பு, வேண்டுமானால் சேர்த்துக்கொள்ளுங்கள்.

போன மாதம் எனக்காக நீங்கள் நிரப்பினீர்கள். குளிக்கச் சிரமமா? இல்லை. படியேறச் சிரமமா? இல்லை. தண்ணீர் மொண்டு ஊற்றுவது நீங்கள், லிஃப்டிலேயே கூட்டிப்போய்ப் படிப்பக்கமே விடாததும் நீங்கள். அப்புறம் எனக்கேது சிரமம்! "ஒரு கஷ்டமும் இல்லேன்னு போட்டிருக்கு, உட்கார்ந்த இடத்துலயே இப்படி மூச்சு வாங்குறீங்களேம்மா?" என்று நர்ஸ் கேட்டதும், வேறு படிவம் வாங்கி நானே எல்லாவற்றுக்கும் 'மிகவும்' என்று போட்டேன். "என்னைப் பொய்யனாக்கிட்டே" என்று நீங்கள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டீர்கள். ஆனால் அதைப் பார்த்துத்தானே டாக்டர் மாத்திரையை மாற்றினார்?

நேற்று நீங்கள் கடைக்குப் போனபோது ஒத்திகை பார்த்தேன். கீழிருந்து நம் வீடு வரை இரண்டு மாடி ஏறினேன், ஒரே ஒரு தடவைதான் நின்றேன்! இன்று படிவத்தில் அந்தக் கேள்விக்குக் 'கொஞ்சம்' என்று போட்டிருக்கிறேன். உங்கள் 'இல்லை'யைவிட இது பெரிசு.

பி.கு.: பின்னாலேயே ஓடி வராதீர்கள். பதினொரு மணிக்கு மாடிப்படியின் மேலே வந்து நில்லுங்கள். கை கொடுக்க வேண்டாம். நான் ஏறி வருவதைப் பாருங்கள், போதும்.