மஞ்சுலிகாவின் கடைசிப் பாட்டு

ஜூன் 9, 1966
பவானிப்பூர் சந்தையில் மீன் வாங்கிக்கொண்டிருந்தேன். எதிர்க்கடை ரேடியோவில் சொன்னார்கள். பின்னணிப் பாடகி மஞ்சுலிகா ரக்ஷித் காலமானார். மாரடைப்பு. மீன்காரர் என் முகத்தைப் பார்த்தார். நான் மீனைப் பார்த்தேன். அழுகை வரவில்லை.

ஜூன் 10
சுடுகாட்டில் கூட்டம். யாரோ ஒருவர் என்னிடம் வந்து கைகூப்பி, "இனிமே நீங்கதாம்மா எங்களுக்கு மஞ்சுலிகா" என்றார். நல்ல மனிதர், கண்ணெல்லாம் நீர். அறைந்திருப்பேன்.

எனக்குப் பெயர் இல்லையா? கேதகி நியோகி. எத்தனை படத்தில் பாடியிருக்கிறேன்!

ஜூன் 21
இசையமைப்பாளர் பிபூதி-தா வீட்டுக்கு வந்தார். சோறும் இலிஷ் மீனும் போட்டேன். முள்ளை உறிஞ்சிக்கொண்டே விஷயத்தைச் சொன்னார். துர்க்கை பூஜைக்கு வரும் படத்தில் மஞ்சுலிகா பாடவேண்டிய பாட்டு ஒன்று மிச்சமாம். அதை நான் பாடவேண்டுமாம், அவள் குரலில். படத்திலும் இசைத்தட்டிலும் அவள் பெயர்தான் இருக்குமாம்.

"அவ குரல்ல வேற யாரையாவது பாடச் சொல்லுங்க" என்றேன்.

"வேற யாரால முடியும்? இருபது வருஷமா நீ அதைத்தானே செஞ்சுக்கிட்டு இருக்க?"

சிரித்தார். இன்னொரு துண்டு மீன் கேட்டார். போட்டேன். ஏன் போட்டேன்?

ஜூன் 22
தூங்கவில்லை. அவர் சொன்னது பொய்யில்லை, அதனால்தான் எரிகிறது. பத்தொன்பது வயதில் அவர் முன்னால் போய் நின்றபோது அவர் சொன்ன முதல் வார்த்தை: "மஞ்சுலிகா வரி முடிக்கிறப்போ ஒரு நடுக்கம் குடுப்பா பாரு, அது குடு." கொடுத்தேன். அவள் கிடைக்காத படமெல்லாம் எனக்கு வந்தது. அந்த நடுக்கம் என் தொண்டையிலேயே குடியேறிவிட்டது. பிபூதி-தா! வாய் நிறைய 'தா' போட்டு அண்ணன் என்று கூப்பிடுகிறேன். அண்ணனாம் அண்ணன்.

என் வீட்டுக்காரர் சொல்கிறார்: "ஒரே ஒரு பாட்டு. யாருக்குத் தெரியப் போவுது?"

அதுதானே என் வயிற்றெரிச்சல்.

ஜூலை 3
என் பெயரைப் போட்டால் பாடுகிறேன் என்று சொல்லி அனுப்பினேன். தயாரிப்பாளர் சொன்ன பதில்: "அந்தப் பேருக்கு எவன் டிக்கெட் வாங்குவான்?"

ஜூலை 4
வருகிறேன் என்று சொல்லிவிட்டேன். வீட்டுக்காரருக்குச் சந்தோஷம். மனதில் இருப்பதை அவரிடமும் சொல்லவில்லை.

ஜூலை 15
டாலிகஞ்ச் ஸ்டுடியோ. ஒத்திகையில் மஞ்சுலிகாவாகவே பாடினேன். வயலின்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிபூதி-தா, "அவளே வந்து நிக்கிற மாதிரி இருக்கு" என்றார்.

ஒலிப்பதிவில் நடுக்கத்தை விட்டுவிட்டேன். வரி முடிகிற இடத்தில் குரலை அப்படியே நிறுத்தினேன், வெறுமையாக. என் காதுக்கே அந்நியமாக இருந்தது. கொஞ்சம் கரகரப்பு — அது என்னுடையதா? தபலாக்காரர் நிமிர்ந்து பார்த்தார், வாசிப்பை நிறுத்தவில்லை.

பிபூதி-தா கண்ணாடி அறையிலிருந்து ஓடிவந்தார். "என்ன பண்ற நீ?"

"பாடறேன்."

மறுபடி எடுத்தார்கள். மறுபடியும் அப்படியே பாடினேன். நாளை அந்தக் காட்சியைப் படமாக்கவேண்டும், நாயகியின் தேதி வேறு கிடையாது. வேறு வழியில்லாமல் அதையே வைத்துக்கொண்டார்கள்.

வாசலில் அவர் சொன்னார்: "செத்தவளுக்குத் துரோகம் பண்ணிட்ட. இனி என்கிட்ட உனக்குப் பாட்டு கிடையாது."

"உயிரோட இருக்கிறவளுக்கு நீங்க பண்ணினது என்ன?" என்று கேட்டேன். டிராமில் ஏறி உட்கார்ந்த பிறகுதான் அழுதேன்.

ஆகஸ்ட் 30
யாரும் கூப்பிடவில்லை.

செப்டம்பர் 18
சுவரெல்லாம் போஸ்டர். 'மஞ்சுலிகாவின் கடைசிப் பாட்டு.' சாணியடிக்கலாம் போல இருந்தது.

அக்டோபர் 21, அஷ்டமி
புதுப் புடவை கட்டிக்கொண்டு வீட்டுக்காரரோடு துர்க்கை பந்தலுக்குப் போனேன். கூட்டத்தில் நசுங்கிக்கொண்டிருந்தபோது ஒலிபெருக்கியில் அந்தப் பாட்டு. பக்கத்தில் இரண்டு பெண்கள், வாயில் வெற்றிலை.

"இதுதான்டி மஞ்சுலிகா கடைசியா பாடினது."

"போடி. அவ பாட்டைக் கேட்டு வளர்ந்தவ நான். இது அவ இல்ல. வேற யாரோ... புதுசா வந்தவ போல. நல்லாத்தான் பாடறா."

வீட்டுக்காரர் என்னைக் காட்டிச் சொல்லிவிடப் போகிறவர் போலச் சட்டென்று அவர்கள் பக்கம் திரும்பினார். புடவை மறைவில் அவர் கையைப் பிடித்து அழுத்தினேன்.

பாட்டு முடியும்வரை நாங்கள் நகரவில்லை. பின்னாலிருந்தவர்கள் திட்டினார்கள்.