இடப்பக்கம் ஒரு வெள்ளைக் கட்டம்

வெள்ளிமலை,
11.10.1987

மதிப்பிற்குரிய கொளஞ்சியப்பன் சார் அவர்களுக்கு,

பவானி வணக்கத்துடன் எழுதுவது. உங்கள் வீட்டு விலாசத்துக்கு நான் கடிதம் போடுவது சரியில்லை என்று தெரியும். பொறுத்துக்கொள்ளுங்கள். யாராவது கேட்டால் பள்ளி விஷயம் என்று சொல்லுங்கள். பெரும்பாலும் பள்ளி விஷயம்தான்.

இட ஒதுக்கீடு கேட்டு நடந்த சாலை மறியலுக்கு வெட்டிப் போட்ட மரங்களை அகற்றிவிட்டார்களாம். கச்சிராயபாளையத்திலிருந்து ஜீப் மறுபடி வருகிறது. உங்கள் தம்பி சிறையில் இருப்பதையும், ஆள் இல்லாமல் நீங்களும் அப்பாவும் மட்டும் மல்லாட்டைக் கடலை பிடுங்குவதையும் ஜீப் ஓட்டும் முனியன் அண்ணன்தான் சொன்னார். எனக்குக் கல்லூரியில் இடம் எப்படிக் கிடைத்தது என்று உங்களுக்குத் தெரியும். அப்படி ஓர் இடம் தனக்கும் வேண்டும் என்று ஒருவர் சாலையில் உட்கார்ந்தால் நான் தவறு சொல்வேனா? தம்பி நல்லபடியாக வீடு திரும்பட்டும்.

அண்ணன் இன்னொன்றும் சொன்னார். "சார் இனிமே எங்கம்மா மேல வரப்போறாரு? கீழயே மாத்தல் வாங்கிக்கினு வூட்டோட இருன்னு அவங்கப்பா சொல்லிக்கினு கீறாரு. எழுதிக் குடுக்க வேண்டியதுதான் பாக்கி." நான் சரி அண்ணா என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தேன்.

இனி பள்ளி விஷயம். பத்தாம் வகுப்புச் சுவரில் நாம் ஆரம்பித்த தனிம அட்டவணை நினைவிருக்கும். இடப்பக்கமும் நடுவிலும் உள்ள உலோகங்களுக்கெல்லாம் நீலம் அடித்து முடித்தீர்கள். போரானிலிருந்து படிப்படியாக இறங்கும் கோட்டையும் போட்டீர்கள். கோட்டுக்கு வலப்பக்கம் அலோகங்களுக்கு மஞ்சள் வேண்டும், வாங்கிக்கொண்டு திங்கட்கிழமை வருகிறேன் என்று இறங்கினீர்கள். அந்த வாரம்தான் மறியல்.

அதிகாரிகள் வருகிறார்கள், பாதிச் சுவர் வெள்ளையாக இருக்கலாமா என்று தலைமையாசிரியர் நாராயணசாமி ஐயா கேட்டுக்கொண்டே இருந்தார். மஞ்சள் தூளைத் தண்ணீரில் குழைத்துக் கார்பன், நைட்ரஜன், கந்தகம் என்று நானே பூசினேன். சுவருக்குச் சுண்ணாம்பு அடித்து அதிக நாள் ஆகவில்லை. பூசியதெல்லாம் சிவந்துபோயிற்று. வேதியியல் பட்டம் வாங்கியவள் செய்கிற காரியமா இது! பெருமாயி எழுந்து, "இன்னா டீச்சர், செவுத்துக்கு ஆரத்தி கரைச்சு ஊத்திட்டீங்க? யாரு வர்றாங்க?" என்றாள். வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன். அதிகாரிகள்தான் வருகிறார்கள் என்று சொல்லிவைத்தேன்.

ஹைட்ரஜன் பாடத்தையும் அன்றே நடத்தினேன். அலோகம்தான், ஆனால் வெளிக்கூட்டில் ஓர் எலக்ட்ரான் இருப்பதால் கோட்டைத் தாண்டி, இடப்பக்கம், சோடியம் இருக்கும் தொகுதியின் தலையில் வைத்திருக்கிறார்கள் என்றேன். "அப்போ அது நம்ம சார் மாதிரி. கீழ்நாட்டு ஆளு, நம்மகூடக் குந்திக்கினு சாமச்சோறு துன்னலையா?" என்றது கடைசி வரிசை. நான் கரும்பலகைப் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

அப்பா சாமை அறுக்கத் தொடங்கிவிட்டார். போன வருடம் நீங்கள் வந்து அரிவாளைத் தலைகீழாகப் பிடித்ததைச் சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறார். "அந்தப் புள்ள எப்போ வருது?" என்று அம்மா கேட்கிறாள். சாலை சரியாகவில்லை என்றே சொல்லி வந்தேன். இப்போது ஜீப் வருவது அவளுக்கும் தெரிந்துவிட்டது.

மழைக்காலம். வயலில் நனையாதீர்கள். உங்கள் அப்பா சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. அவரைத் தனியே விட்டு வாருங்கள் என்று கேட்க நான் யார்? இதை மூன்று முறை எழுதிக் கிழித்தேன்.

ஹைட்ரஜன் கட்டத்துக்கு மட்டும் நான் எதுவும் பூசவில்லை சார். இடப்பக்கம் அத்தனை நீலத்துக்கும் மேலே அது ஒன்றுதான் வெள்ளையாக நிற்கிறது. ஐயா கேட்டதற்கு, அது கொளஞ்சியப்பன் சார் செய்ய வேண்டியது என்று சொல்லிவிட்டேன். முதல்முறையாக அவர் முகத்தைப் பார்த்துப் பேசினேன்.

மாறுதல் கேட்டு இன்னும் எழுதிக் கொடுக்கவில்லை என்றால், கொடுக்காதீர்கள். மஞ்சள் பெயின்ட் ஒரு சின்ன டப்பா போதும். அதை எடுத்துக்கொண்டு நீங்களே வாருங்கள்.

இப்படிக்கு,
பவானி