விரிப்பின் மறுமுனை

அன்பு மகள் ஹில்டாவுக்கு அப்பா சொல்லச் சொல்ல எழுதுவது. என் வலது தோளைத் தவிர இங்கே எல்லாம் நல்லபடியாக இருக்கிறது, உன் அம்மா என்னைவிடத் தெம்பாக இருக்கிறாள், கனடாவின் குளிரில் நீயும் மாப்பிள்ளையும் பிள்ளைகளும் இருமல் காய்ச்சல் இல்லாமல் இருந்தால் எனக்கு அது போதும். எழுத்து வேறாக இருக்கிறதே என்று பதறாதே. பள்ளிக்கூடம் போக வேண்டிய வயதில் நார் எடுக்கும் ஆளிச்செடி வயலுக்கு வேலைக்குப் போனவன் நான், எப்போதும் உன் அம்மாதான் எழுதுவாள், இந்த முறை அவளைப் பற்றியே சொல்ல வேண்டியிருப்பதால் அவளிடம் போக முடியவில்லை. எழுதுகிறவன் பக்கத்துச் சலவைக்கூடத்து லீவன். அவனைப் பற்றியும் சொல்லப்போகிறேன், அவன் காதிலும் விழட்டும் என்றுதான் அவனையே பிடித்து உட்கார வைத்தேன். திட்டினாலும் ஒரு எழுத்து விடாம எழுதுறேன் பெரியவரே, மெதுவா மட்டும் திட்டுங்க என்கிறான்.

நம் வீட்டை ஒட்டி மூடிக் கிடந்த பால் நிலையத்தில் கத்ரீன் என்ற பெண் சலவைக்கூடம் தொடங்கியதை அம்மா எழுதியிருப்பாள். வேறெங்கும் வேலை கிடைக்காதவர்களுக்குத்தான் அங்கே வேலை. சிறையிலிருந்து வந்த ஒருவன், காது கேட்காத ஒரு பெண், பிறகு இந்த லீவன், இளமையெல்லாம் மனநோய் மருத்துவமனையில் போனவன். முதியோர் இல்லத்துப் படுக்கை விரிப்புகளை இவர்கள்தான் துவைக்கிறார்கள். இயந்திரத்தில் உலர்த்தினால் அங்கிருக்கும் கிழங்களுக்குப் பிடிக்காதாம், காற்றில் காய்ந்த வாசனை வேண்டுமாம். சலவைக்கூடத்து முற்றம் சாலையை அகலப்படுத்தியதில் போய்விட்டது, அதனால் என் புறாக்கூட்டுக்குப் பின்னால் உள்ள புல்வெளியைக் கேட்டார்கள். இந்தக் கோடைக்கு மட்டும் பார்க்கட்டும் என்று அம்மா கொடி கட்ட விட்டுவிட்டாள். இனிமேலும் வேண்டுமென்றால் நான் தலையாட்ட வேண்டும், நான் ஆட்டாவிட்டால் இல்லத்துக்காரர்கள் நகரத்துப் பெரிய சலவைக்காரனிடம் போய்விடுவார்கள், இவர்கள் எல்லோரும் மறுபடி வீட்டில் சுவரைப் பார்த்து உட்கார வேண்டியதுதான். உன் அம்மா தினமும் என்ன சொல்றே ஆகீல், என்ன சொல்றே என்று கேட்டாள். நான் புறாக்களுக்குப் பட்டாணி போட்டுக்கொண்டிருந்தேன்.

தலையாட்டாததற்குக் காரணம் புல்வெளி இல்லை. நானும் அம்மாவும் விரிப்பு மடிப்பதை நீ சின்ன வயதில் பார்த்திருக்கிறாய். இந்த முனையில் அவள், அந்த முனையில் நான், இழுத்து உதறி, நடந்து வந்து என் முனைகளை அவள் கையில் கொடுப்பேன். கல்யாணமான மறுவாரத்திலிருந்து அந்த மறுமுனை என்னுடையது. தோள் போன பிறகு கை மார்புக்கு மேலே ஏறவில்லை. இப்போது உன் அம்மா மதியம் ஆனால் சலவைக்கூடத்துக்குப் போய் அவர்களுக்கு மடிக்கக் கற்றுத்தருகிறாள், அவளுடைய மறுமுனையைப் பிடிப்பவன் லீவன். வேலிக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்தேன். அவன் நடந்து வருகிறான், அவள் கையில் கொடுக்கிறான், அவள் சிரிக்கிறாள். வீட்டுக்கு வந்தும் லீவன் ஓரத்தை எப்படிச் சேர்க்கிறான் பாரு, லீவனுக்கு மோர்க்கஞ்சி பிடிக்குது பாரு என்று அவன் பேச்சுதான். உனக்கு அவன்மேல பொறாமையா ஆகீல், புளிச்ச மோரக் குடிச்ச மூஞ்சியோட உக்காந்திருக்கியே என்று கேட்டாள். உருளைக்கிழங்கு வேகவில்லை என்று சொல்லித் தட்டைத் தள்ளினேன். நன்றாகத்தான் வெந்திருந்தது. லீவன், நிறுத்தாமல் எழுது.

போன சனிக்கிழமை பிரான்சின் பூர்ஜ் நகரத்திலிருந்து புறாப் பந்தயம், அங்கே திறந்துவிட்டதும் யார் புறா முதலில் தன் கூட்டுக்கு வந்து இறங்குகிறதோ அவருக்குக் கோப்பை. அங்கே மூடுபனி, புறாக்களைத் திறந்துவிடவில்லை என்று காலையில் வானொலியில் சொன்னார்கள். பந்தய நாளில் கொடியில் வெள்ளைத் துணி ஆடக்கூடாது, ஆடினால் புறா கூட்டில் இறங்காது என்று இந்த ஊரில் குழந்தைக்கும் தெரியும். லீவன் வந்து தொங்கவிடலாமா என்று கேட்டான். இந்தப் பனி நாளைக்கும் விலகாது, தொங்கவிடு என்று பெரிய அறிவாளி போலச் சொன்னவன் நான். அன்றைக்கே பனி விலகி, அங்கே புறாக்களைத் திறந்துவிட்டார்கள். நான் நாற்காலியில் கண்ணயர்ந்து விழித்தபோது என் புறா நீலக்குட்டி தலைக்கு மேலே வட்டம் போடுகிறது, கீழே புல்வெளி முழுக்க விரிப்புகள் படபடக்கின்றன, இறங்க வருகிறது, பயந்து மேலே போகிறது. கொடிக்கு எட்டாத கையை வைத்துக்கொண்டு நான் நிற்கிறேன். லீவன் வேலியைத் தாண்டி வந்தான், துவைத்த துணியென்றும் பார்க்காமல் எல்லாவற்றையும் பிடுங்கி ஈரப்புல்லில் போட்டான், கடைசி விரிப்பு காற்றில் எழும்பப் பார்த்ததும் அதன்மேல் குப்புறப் படுத்துக்கொண்டான். நீலக்குட்டி இறங்கிவிட்டது. கோப்பை என்னவோ தெருக்கோடி ரெமிக்குத்தான், அது போகட்டும். உன் அம்மா ஓடி வந்தாளே, என்னையும் பார்க்கவில்லை, புறாவையும் பார்க்கவில்லை, அவன் பக்கத்தில் மண்டியிட்டு அடிபட்டுச்சாப்பா என்று கேட்டாள். கையில் புறாவோடு ஒரு மனிதன் நிற்கிறான் என்று யாருக்கும் தோன்றவில்லை.

சேறு பட்டதையெல்லாம் அவர்கள் மறுபடி துவைத்தார்கள், கத்ரீன் ஒரு வார்த்தை கோபமாகப் பேசவில்லை. மாலையில் மடிக்கும்போது நானும் போய் நின்றேன், வேவு பார்க்கத்தான். லீவன், பிடி என்றாள் உன் அம்மா. அவன் முனையை எடுத்தான், என்னைப் பார்த்தான், கை எரியுது பெரியவரே, இதைக் கொஞ்சம் பிடிங்க என்று என் கையில் திணித்துவிட்டுப் போய்விட்டான். கையும் எரியவில்லை, ஒன்றுமில்லை, அவனுக்குப் பொய் சொல்ல வராது. என் கை மார்புக்கு மேலே ஏறவில்லை. உன் அம்மா தன் முனையை என் உயரத்துக்கு இறக்கிக்கொண்டாள். நான் நடந்து போய்க் கொடுத்தேன்.

திங்கட்கிழமை கத்ரீனைக் கூப்பிட்டுப் புல்வெளியை எடுத்துக்கொள்ளச் சொன்னேன். இரண்டு நிபந்தனை. பந்தய நாளில் நான் சொன்னாலும்கூட என் புறாக்கள் வரும்வரை கொடியில் துணி ஏறக்கூடாது. ஒவ்வொரு நாளும் கடைசி விரிப்பின் மறுமுனை எனக்கு. நீங்க வர நேரமானா என்று லீவன் கேட்டான். மடிக்காமல் காத்திரு என்றேன். பொறாமை தீர்ந்துவிட்டது என்று நினைக்காதே, அவனுக்கு இன்னும் என் கிண்ணத்தில்தான் மோர்க்கஞ்சி ஊற்றுகிறாள்.

உனக்கும் உன் வீட்டாருக்கும் கடவுள் துணை இருக்கட்டும், பிள்ளைகள் பனியில் தொப்பியில்லாமல் போகவேண்டாம். ஞாயிற்றுக்கிழமை தொலைபேசியில் அம்மாவிடம் இதையெல்லாம் கேட்டு வைக்காதே. பேச்சையும் சுருக்கமாக முடி, விரிப்பு காய்ந்திருக்கும், நான் போக வேண்டும்.

லீவன் கையெழுத்தில்,
உன் அப்பா ஆகீல்